முக்கோண வெள்ளிகள்

ஒன்பது நாளாகப் பீல் நகரத்துக்கு வானம் இல்லை.
ஏரியும் தொழிற்சாலையும் என் யன்னலும்
ஒரே வெள்ளைக்குள்.
ரெகுலாவின் வான் வளைந்து வளைந்து ஏறி
ஆயிரம் மீட்டரில் மூட்டத்தைக் கிழித்து வெளியே வந்தது.
கீழே பஞ்சுக்கடல்.
மேலே, எண்ணத் தொடங்கினால்
கோபம் வருமளவுக்கு வெள்ளி.

லே ப்ரே டோர்வானில்
மாட்டு வேலிக்குப் பக்கமாகத் தொலைநோக்கியை நிறுத்தினோம்.
எட்டு அங்குலக் கண்ணாடி.
வீட்டுச் சூடு இன்னும் அதன் உடம்பில்.
சூடான கண்ணாடிக்கு மேல் காற்று
தோசைக்கல்லுக்கு மேல் போல நெளியும்.
ஆறட்டும் என்று
தேத்தண்ணியை ஆறாமல் குடித்தோம்.

பிறகு கார்த்திகைக் கூட்டத்துக்குத் திருப்பி
முப்பது விநாடி திறந்து வைத்தேன்.
திரையில் வந்தவை சமோசாக்கள்.
ஆறுமுகனுக்குப் பால் கொடுத்த ஆறு பேரும்
ஆறு முக்கோணம்.

அச்சு விலகியிருக்கும் என்றாள் ரெகுலா.
அவள் பின்னால் குந்தியிருந்து திருகாணி பிடித்தாள்,
நான் முன்னால் ஒற்றைக் கண்ணோடு.
இடம். இன்னும் கொஞ்சம் இடம்.
உன் இடமா, என் இடமா?
கண்ணாடியின் இடம்.
கண்ணாடிக்கு ஏதடி இடம்?
ஜெர்மனில் தொடங்கி, பிரெஞ்சில் ஏசி,
கடைசியில் கைவிளக்கை ஆட்டிக் கதைத்தோம்.

குவியம் தவறிய வெள்ளி ஒரு வடை.
துளை நட்ட நடுவில் வரவேண்டும்.
வந்தது.
வடையின் ஓரம் மட்டும் மூன்று இடத்தில் நசுங்கியிருந்தது.
சுட்ட கை அப்படி என்று விட்டுவிட்டேன்.
குவியத்துக்குத் திரும்பினால்
மறுபடியும் சமோசா.

பகலில் நான் கடிகாரத்துக்குத் திருகாணி முடுக்குகிறவள்.
எள்ளைவிடச் சின்னது.
பத்தொன்பது வருஷத்தில்
ஒன்றுகூடத் தளர்ந்து திரும்பி வந்ததில்லை.
போன கோடையில் இந்தக் கண்ணாடியைக் கழுவி
அதன் மூன்று பிடிகளையும் முடுக்கியது நான்தான்.
அசையாமல். பெருமையாக.

மூன்று பிடி.
மூன்று மூலை.

இருட்டில் தனியாகச் சிரித்தேன்.
ரெகுலா பயந்துபோய் விளக்கடித்தாள்.

வானின் பின்கதவில் துவாய் விரித்து,
அடியைக் கழற்றி,
கையுறை இல்லாத விரல்களால் தளர்த்தினோம்.
எவ்வளவு என்றாள்.
ஒரு கடுதாசி போய் வருமளவு என்றேன்.
அவள் பார்க்கிங் சீட்டை எடுத்து நீட்டினாள்.
முதல் பிடிக்குள் போனது.
இரண்டாவதற்குள்.
மூன்றாவது மறுத்தது,
கால் சுற்றில் வழிக்கு வந்தது.

மறுபடி வடை, மறுபடி இடம் வலம்.
அதற்குள் நள்ளிரவு தாண்டி
வடகிழக்கில் ஏழு முனிவரும் எழும்பியிருந்தார்கள்.
முதலில் அருந்ததியை வைத்தேன்.
என் கலியாணம் சூரிச்சில், பகல் பதினொன்றேகாலுக்கு.
ஐயர் விரல் நீட்டிய இடத்தில்
தீயணைக்கும் தண்ணீர்க் குழாய் இருந்தது.
தெரியுது என்றேன்.
அவரும் தெரியுது என்றார்.
எங்களுக்குள் முதல் பொய்யை
இருவரும் சேர்ந்தே சொன்னோம்.

இப்போது தெரிகிறது.
ஊசி குத்திய மாதிரி அவள்.
தள்ளி, வசிட்டர்.
உற்றுப் பார்த்தால் வசிட்டரே இரண்டு பேர்.
இதை ஐயர் சொல்லவேயில்லை.

கார்த்திகைக்குத் திரும்பினேன்.
ஆறும் ஆறு புள்ளி.
சுற்றிலும் நீலப் புகை, அதற்குள்ளே
இதுவரை சமோசாக்களுக்கு அடியில் கிடந்த
பேரில்லாத பொடிகள்.
படத்தின் மூலைகளில் மட்டும்
வெள்ளிகளுக்கு இன்னும் சின்ன வால்.
அது குழிக்கண்ணாடியின் பிறவிக்குணம்,
திருகாணிக்கு அடங்காது.
திருத்தும் வில்லை முந்நூறு ஃபிராங்க்.
டிசம்பர் சம்பளத்தில் பார்க்கலாம்.

நூற்றிருபது படம் ஓடட்டும் என்று விட்டு
வானுக்குள் ஏறிக் கதவைச் சாத்தினோம்.
ரெகுலா கை நீட்டினாள்.
சீட்டு எங்கே?
அது நாளை மத்தியானம் வரைக்கும் செல்லும்.